பாலித் தீவின் நீர்க்கோயில்கள்

ஒரு மக்களின் பண்பாடு மாறும்பொழுது உடையும் உணவும் மட்டும் மாறுவதில்லை; நீரையும் நிலத்தையும் அவர்கள் பேணும் முறையும் உடன் மாறிவிடுகிறது. இதற்குச் சாவகத்தின் கிழக்கே உள்ள பாலித் தீவு தக்கதொரு சான்று.

பாலி ஓர் எரிமலைத் தீவு. அதன் ஆறுகள் ஆழ்ந்த பள்ளங்களில் ஓடுகின்றன. உழவர்கள் அணை கட்டியும் பாறையைக் குடைந்தும் அந்நீரை மலைச்சரிவின் அடுக்கு வயல்களுக்குக் கொணர்ந்தனர். ஒரே கால்வாயில் நீர் பெறுவோர் கூடி அமைத்துக்கொண்ட கழகம் 'சுபாக்' எனப்படும். பதினோராம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அப்பெயர் காணப்படுகிறது. சுபாக்குகள் பலவற்றை இணைப்பன நீர்க்கோயில்கள். அவற்றுள் தலையாயது பாத்தூர் ஏரித் தெய்வமாகிய தேவி டானுவின் கோயில்.

நடவு எப்பொழுது, வயலைத் தரிசாக விடுவது எப்பொழுது என்பன இக்கோயில்களை நடுவாகக் கொண்டே வகுக்கப்பட்டன. புறத்தே நோக்குவார்க்கு அது வெறும் வழிபாடு. உள்ளேயோ நுட்பமான கணக்கொன்று இருந்தது. அண்டை வயல்கள் யாவும் ஒருங்கே அறுவடையாகித் தரிசாகக் கிடந்தால் பூச்சிகளுக்கு உணவும் உறைவிடமும் இல்லாது போகும். ஆனால், எல்லாரும் ஒரே காலத்தில் நட்டால் நீர் போதாது. எத்துணைப் பரப்பில் ஒருங்கே நடுவது, எங்கே காலத்தை மாற்றி நடுவது என்னும் சிக்கலுக்குக் கோயில் ஒழுங்கு விடை கண்டிருந்தது.

1970ஆம் ஆண்டுகளில் 'பசுமைப் புரட்சி' அங்கே பரவியது. விரைவில் விளையும் புதிய நெல்லை இயன்றபோதெல்லாம் நடுமாறு உழவர்கள் ஏவப்பட்டனர். நாட்டின் உணவுப் பற்றாக்குறையைத் தீர்க்கும் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆயினும் பழைய கால ஒழுங்கு குலைந்தது. முதலில் விளைச்சல் பெருகிற்று. பின்னர்ப் புகையான் பூச்சியும் துங்ரோ நோயும் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தன.

மானிடவியலறிஞர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலறிஞர் ஜேம்ஸ் கிரெமரும் இம்முறையைக் கணினியில் மாதிரியாக அமைத்து ஆராய்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு சுபாக்கும் தன் விருப்பம்போல் நடுவதினும், அனைத்தும் ஒருங்கே நடுவதினும், நீர்க்கோயில் அளவில் இசைந்து நடுவதே மிகுந்த விளைச்சல் தரும் என்பது அம்முடிவு. 2012இல் யுனெஸ்கோ, சுபாக் நிலங்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

இன்று மாற்றம் வேறு வழியாக வருகிறது. சுற்றுலா வளர, வயல்கள் விடுதிகளாகின்றன. உழவர்தம் மக்கள் பிற தொழில் நாடுகின்றனர். வயல் மறைந்த இடத்தில் விழா நிலைக்கலாம். விழாவின் பின்னிருந்த நீர்ப்பங்கீடு நிலைப்பதற்கில்லை.

பழையன யாவும் நல்லன என்பது இதனாற் பெறப்படும் கருத்தன்று. ஒரு வழக்கத்தை விடுமுன், அது செய்துவந்த பணி யாது, அப்பணியை இனிச் செய்வார் யார் என்று வினவுதல் வேண்டும். பள்ளியில் நாம் வரலாற்றை ஒரு வேளையிலும் அறிவியலை மற்றொரு வேளையிலும் கற்பிக்கிறோம். பாலியின் வயல்களிலோ அவை இரண்டும் ஒரே பாடம். ஆசிரியப் பெருமக்கள் அவ்வினாவை மாணவர்க்குப் பழக்குவார்களாக.