கனவுக்குள் வாளெடுப்பவர்கள்

மதுரையில் வேங்கடராமன் என்றொரு பையன் இருந்தான். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். அவன் சேரும் கட்சிதான் ஜெயிக்கும் என்பதால் கூட்டாளிகள் 'தங்கக் கை' என்று பட்டம் வைத்திருந்தார்கள். படிப்பில் சுமார். தூக்கத்தில் அசகாய சூரன். பகலில் அவனிடம் வாலாட்டப் பயந்த பையன்கள், ராத்திரி அவன் தூங்கியபிறகு தூக்கிக்கொண்டு போய் ஆசை தீர மொத்திவிட்டு, மறுபடி படுக்கையில் கொண்டுவந்து போட்டுவிடுவார்களாம். விடிந்து யாராவது சொன்னால்தான் அவனுக்கே தெரியும். பிற்காலத்தில் ரமண மகரிஷியான பின், இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர் அவரேதான்.

அப்படித் தூங்கிய பையனைத் தட்டி எழுப்பியது மரண பயம். 1896 ஜூலை, சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடி. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் 'சாகப்போகிறேன்' என்ற எண்ணம் திடீரென்று பிடித்துக்கொண்டது. அலறவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. பிணம்போலக் கை கால்களை விறைத்துப் படுத்து, மூச்சையும் அடக்கி, சாவது எது என்று பார்க்க ஆரம்பித்தான். வயது பதினாறு. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 1-ம் தேதி, திருவண்ணாமலையில் அண்ணாமலையார் கோயிலில் நின்றான்.

இன்றைக்கு மார்கழி, தை மாதங்களில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் நடந்தால், டீக்கடை பெஞ்சில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். பேச்சுக் கொடுத்தால், கார்லோஸ் காஸ்டநேடாவைப் படித்துவிட்டுக் கிளம்பியவர் ஒருவராவது அகப்படுவார். 1968-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்திலிருந்தே டான் ஹுவான் என்ற பூர்வகுடிக் கிழவர்தான் குரு. பின்னால் வந்த புத்தகங்களில் அவர் சொல்லும் லட்சிய மனிதன், போர்வீரன். சாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணமும் உஷாராக இருப்பவன்; அந்த உஷாரைக் கனவுக்குள்ளும் கொண்டுபோகிறவன். அதற்கு அவர் கற்றுக்கொடுக்கும் முதல் பயிற்சி, கனவில் உன் கைகளைப் பார் என்பது. அந்தக் கிழவர் காஸ்டநேடாவின் கற்பனை என்று மானிடவியலாளர்கள் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் கனவில் விழித்திருப்பது கற்பனை இல்லை. கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் பெரும்பாலான தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மட்டும் இமைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வழியைத்தான் 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பிடித்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர் அவருடைய ஆய்வகத்தில் தூங்கி, கனவு என்று கனவிலேயே தெரிந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்தார். கருவி அதைக் கோடாகப் பதிவு செய்தது. சில வருஷங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக அதையே செய்து காட்டினார். இதைப் பழகுகிறவர்கள் பகலில் அடிக்கடி 'இது கனவா?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். பகலில் படிந்த பழக்கம் ராத்திரியிலும் தலைகாட்டும் என்பதுதான் சூட்சுமம்.

சரி, கனவைக் கனவு என்று கண்டுகொண்டாயிற்று. அப்புறம்? பெரும்பாலோர் பறக்கிறார்கள், விரும்பிய ஊருக்குப் போகிறார்கள். ரமணரிடம் இது செல்லாது. நனவு நீளம், கனவு குறைவு, இரண்டுக்கும் வேறு வித்தியாசம் கிடையாது என்பது அவர் கட்சி. ராத்திரி கெட்டிக்காரத்தனமாகக் கனவைக் கண்டுபிடித்தவன், காலையில் எழுந்ததும் 'இது நிஜம்' என்று சந்தேகமே இல்லாமல் பல் விளக்கப் போகிறானே, அவனை எதில் சேர்ப்பது? சைவ சித்தாந்தம் படித்த நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழையது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகளை எண்ணி, புருவ நடு, கண்டம், இருதயம், உந்தி, மூலம் என்று ஒவ்வொன்றுக்கும் உடம்பில் இடமும் குறித்து வைத்தார்கள். ரமணர் அந்தக் கணக்குக்குள் அதிகம் இறங்கவில்லை. நனவு, கனவு, தூக்கம் என்ற மூன்று நிலையும் யாருக்கு வந்து போகிறது என்று அந்த ஆளைப் பிடிக்கச் சொன்னார்.

பிடிப்பதற்கு அவர் சொன்ன உவமை அசல் போர்க்களத்து உவமை. 1901, 1902 வாக்கில், விருபாட்ச குகையில் பேசாமல் இருந்த அந்த இளைஞரிடம், ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகள் கேட்டார். மண்ணிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்களே 1923-ல் 'நான் யார்?' என்று அச்சேறின. மனம் ஒரு கோட்டை; எண்ணங்கள் உள்ளே இருக்கும் எதிரிகள். அவர்கள் வெளியே வருவது நிற்காது. வர வர வெட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் கோட்டை கைக்கு வரும் என்கிறார். வாள், 'இந்த எண்ணம் யாருக்கு?' என்ற கேள்வி.

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் செஞ்சிக் கோட்டை. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையிட்டு, 1698-ல்தான் அதைப் பிடித்தான். உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் அதற்குள் தப்பியும் போய்விட்டார். முற்றுகை என்றால் அப்படித்தான் இழுக்கும். வேறு உலகங்களுக்குக் குதிரை ஏறிப் போகிற காஸ்டநேடாவின் வீரனைவிட, வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிப்பாய்தான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறான்.

அவனுடைய பயிற்சிக்களம் எப்படி இருக்கும் என்று ஆசிரமத்துச் சமையலறையில் பார்த்திருக்கலாம். பல வருஷம் ரமணர் விடியுமுன் எழுந்து வந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கினார். உதவிக்கு நின்றவர்கள் ஒரு காம்பை வீணாக்கினாலும் கேள்வி வரும். வந்தவர்கள் தத்துவம் கேட்கத் தயாராக வந்திருப்பார்கள். கையில் கத்தரிக்காய் கொடுக்கப்பட்டிருக்கும்.

நிஜமாகவே எதிரி வந்த ராத்திரியும் உண்டு. 1924 ஜூன் 26, நடுநிசிக்குச் சற்று முன். அப்போது ஆசிரமம் தாயாரின் சமாதியை ஒட்டிய கீற்றுக் கொட்டகைதான். திருடர்கள் ஜன்னலை உடைத்தார்கள். உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும், நாங்கள் வெளியே போய்விடுகிறோம் என்றார் ரமணர். வெளியே வந்தவர்களை வாசலில் நின்று அடித்தார்கள்; அவருக்கும் இடது தொடையில் அடி விழுந்தது. சீடர் ஒருவர் இரும்புக் கம்பியைத் தூக்கியபோது தடுத்துவிட்டார். சாது தன் தர்மத்தை விடக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். திருடர்கள் விளக்குக் கேட்டார்கள்; கொடுக்கச் சொன்னார். சில நாளில் அவர்கள் போலீஸில் அகப்பட்டார்கள்.

இதற்குப் பெரிய புராணத்தில் ஒரு முன்னோடி இருக்கிறார். திருவண்ணாமலைக்குத் தெற்கே இருக்கும் திருக்கோவலூர்தான் அவர் ஊர். போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக்கட்டுக்குள் கத்தியை ஒளித்து, மன்னர் மெய்ப்பொருள் நாயனாரின் அந்தப்புரம் வரை வந்து, அவர் வணங்கியபோது குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளை உருவினான். மன்னர் தடுத்து, முத்தநாதனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடச் சொன்னார். எல்லோரும் மன்னரைப் புகழ்வார்கள். எனக்குத் தத்தன்தான் பெரிய வீரன். உருவிய வாளோடு, கொலைகாரனுக்கே காவலாக, பாய வந்த ஊர்க்கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தன் கோபத்தையும் சுமந்துகொண்டு அத்தனை தூரம் நடந்தவன் அவன். மதுரையில் பையனாக இருந்தபோதே வேங்கடராமன் பெரிய புராணத்தைப் படித்து உருகியிருக்கிறான். 1924-ல் இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்ற அந்தச் சீடருக்குக் கிடைத்தது தத்தனுடைய வேலை.