கைதியைப் படிக்க வைத்தால் யாருக்கு லாபம்?

2015 செப்டம்பரில் நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில் நடந்த விவாதப் போட்டியில் ஹார்வர்டு பல்கலைக்கழக அணி தோற்றது. வென்றவர்கள் அங்கிருந்த கைதிகள். இணையம் கிடையாது, கேட்ட புத்தகத்துக்குச் சிறை நிர்வாகம் அனுமதி தரும்வரை காத்திருந்து படித்தவர்கள். பார்டு கல்லூரி சிறைக்குள் நடத்தும் பட்டப் படிப்பின் மாணவர்கள்.

அந்தப் படிப்பு பெரும்பாலும் தனியார் நன்கொடையில்தான் ஓடியது. ஏழை மாணவர்களுக்கான 'பெல்' உதவித்தொகை கைதிகளுக்குக் கிடையாது என்று 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. நேர்மையாக வாழ்பவர் வீட்டுப் பிள்ளை கடன் வாங்கிப் படிக்க, குற்றவாளிக்கு இலவசப் பட்டமா என்ற கோபம் எடுபட்டது. அந்த நிதியில் கைதிகளுக்குப் போனதோ நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சட்டம் வந்ததும் சிறைக் கல்லூரிகள் வரிசையாக மூடப்பட்டன. தடை முழுதாக நீங்க 2023 ஜூலை ஆனது.

இடையில் வந்த ஒரு கணக்கு இந்த விவாதத்தின் போக்கை மாற்றியது. பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ராண்ட் நிறுவனம், சிறையில் படித்தவர்கள் மறுபடி சிறைக்குத் திரும்பும் விகிதம் மற்றவர்களைவிட 13 சதவீதப் புள்ளி குறைவு என்று 2013-இல் சொன்னது. கல்விக்குச் செலவாகும் ஒவ்வொரு டாலருக்கும் மூன்றாண்டில் 4 முதல் 5 டாலர் வரை சிறைச் செலவு மிச்சம். அரசியல் மேடைகளில் அடிபடும் '43 சதவீதம்' இதே ஆய்வில் வருவதுதான்; ஆனால் அது, படித்தவர்களும் படிக்காதவர்களும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு விகிதங்களை ஒப்பிடும் எண். நூறு பேரில் 43 பேர் திருந்தினார்கள் என்று அதைப் படிப்பது தவறு. திருந்த நினைப்பவர்தானே படிக்க முன்வருவார் என்ற சந்தேகமும் நியாயமானது. ஆய்வாளர்கள் அதற்கு இடம்கொடுத்தே கணக்கிட்டார்கள் என்றாலும், அந்தக் கேள்வி முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

தொழிற்பயிற்சியில் சிக்கல் வேறு. கலிபோர்னியாவில் கைதிகள் பல பத்தாண்டுகளாகக் காட்டுத்தீயை அணைத்து வருகிறார்கள். பயிற்சி அசலானது, ஆபத்தும் அசலானது. ஆனால் விடுதலையாகி வந்து தீயணைப்பு வேலை கேட்டால், பல ஊர்களில் அவசர மருத்துவ உதவியாளர் உரிமம் வேண்டும். குற்றப் பதிவு உள்ளவருக்கு அது கிடைப்பது அரிது. அரசே சொல்லிக்கொடுத்த தொழிலுக்கு அரசே போட்ட முட்டுக்கட்டை இது. 2020-இல் வந்த சட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. தீயணைப்பில் பணியாற்றியவர் விடுதலைக்குப் பின் நீதிமன்றத்தில் மனு போட்டு, நீதிபதி ஏற்றால் பழைய தண்டனைப் பதிவை நீக்கிக்கொள்ளலாம். கொலை, ஆள்கடத்தல் போன்ற வழக்குகளில் தண்டனை பெற்றவர்களுக்கு இந்த வழியும் இல்லை.