தீக்குச்சியும் கடவாய்ப் பல்லும்

கோவில்பட்டிக் கடைகளில் முதலில் கண்ணில் படுவது கடலை மிட்டாய்தான். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயாச்சே! ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள், பிள்ளைகளா. கடலை நொறுங்கி உள்ளே போய்விடும். வெல்லப்பாகு மட்டும் கடவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, நாக்கால் எவ்வளவு துழாவினாலும் வராமல் அடம்பிடிக்கும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது விருந்து. இனிப்பைத் தின்றுவிட்டு அமிலத்தைக் கக்கும். பல்லைச் சுற்றி பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அந்தப் புளிப்பைத் தணிக்க எச்சிலுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் இன்னொரு துண்டா? கணக்கு மறுபடியும் முதலிலிருந்து!

இது தெரிந்த கதை. எச்சிலுக்குள் இன்னொரு சண்டையும் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஊரின் மற்றொரு தொழிலான தீப்பெட்டியைக் கையில் எடுப்போம். குச்சி முனையில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. உரசியதும் அது ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்க, குப்பென்று பற்றுகிறது.

நம் உடம்பிலும் இப்படித் துடுக்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டு. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல இவற்றைத்தான் ஏவுகின்றன. அளவு மீறினால் நம் செல்களையே சுட்டுவிடும். அதற்குப் பெயர் ஆக்சிஜனேற்ற அழுத்தம். அணைக்கும் ஆட்களும் எச்சிலில் உண்டு; அவர்களில் பெரிய ஆள் யூரிக் அமிலம்.

சொத்தைப் பல் உள்ள குழந்தைகளின் எச்சிலை இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் சோதித்தார்கள். அணைக்கும் சக்தி குறைந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பல ஆய்வுகளில் கூடியிருந்தது! அப்படியானால் அதுதான் சொத்தைக்குக் காரணமா? அவசரப்படாதீர்கள். தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்தால் வாளியும் குடமுமாக ஆட்கள் கூடுவார்கள். குடம் தூக்கியவரா தீ வைத்தார்? சொத்தையைக் கண்டு உடம்பு ஆள் சேர்க்கிறது என்பதுதான் பலரின் ஊகம். எது முந்தியது, எது பிந்தியது என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.

மிட்டாயை விடச் சொல்லவில்லை, நானே விடமாட்டேன். நாள் முழுக்கக் கொறிக்காமல், சாப்பாட்டோடு ஒரே தடவையாகத் தின்றுவிட்டு, நன்றாக வாய் கொப்பளியுங்கள். ராத்திரி பல் தேய்த்த பிறகு மட்டும் மிட்டாய் டப்பா பக்கம் போகாதீர்கள்.