கவரிங் கம்மலும் காதுப் புண்ணும்

கவரிங் கம்மல் போட்டால் சில பெண்களுக்குக் காது அரிக்கிறது. சிவந்து தடிக்கிறது. நீர் வடிகிறது. "இத்தனை நாள் போட்டேனே, அப்போது ஒன்றும் செய்யவில்லையே!" என்கிறார்கள். "ரத்தம் கெட்டுவிட்டது" என்கிறாள் பாட்டி.

ரத்தம் கெடவில்லை. உடம்பைக் காக்கும் படைதான் அங்கே சண்டை போடுகிறது!

மலிவான நகைகள் பலவற்றில் நிக்கல் என்ற உலோகம் கலந்திருக்கிறது. வியர்வை பட்டால் அது சிறிது சிறிதாகக் கரையும்; தோலுக்குள் போகும். தோலின் மேல் அடுக்கில் சில செல்கள், கைகளை நாலாபக்கமும் நீட்டியபடி காவல் இருக்கின்றன.

இந்தக் காவற்காரர்களை முதலில் கண்டவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1868-ல் அவர் பெர்லினில் மருத்துவ மாணவர். தோலில் தங்க உப்புக் கரைசலை ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிளை விட்ட உருவங்கள் தெரிந்தன. நரம்பு என்று நினைத்துவிட்டார்! அவை காவல் வேலை பார்ப்பதை உலகம் அறிய, நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறவாத வீரர்கள்

உள்ளே வந்த நிக்கலைக் காவற்செல் பிடித்துக்கொள்கிறது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுமே, அந்த இடத்துக்குக் கொண்டு போகிறது. அங்கே 'டி' செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவை நிக்கலை எதிரி என்று குறித்துக்கொண்டு, பல மடங்காகப் பெருகும். இதற்குச் சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். அப்போது அரிப்பு இராது. கம்மல் போட்டவருக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு நிக்கல் பட்டால், ஓரிரு நாளில் படை திரண்டு வந்துவிடும். வீக்கமும் அரிப்பும் அந்தப் படை கொட்டும் ரசாயனங்களால் வருபவை. சிலருக்குப் பல ஆண்டு நகை போட்ட பிறகே இந்தப் பகை மூளும். மூண்டால், பெரும்பாலும் ஆயுள் முழுதும் மறக்காது. கைக்கடிகாரம், பான்ட் பொத்தான் எது பட்டாலும் அந்த இடம் தடிக்கும். ஆனால் இது தொற்று நோய் அல்ல. பக்கத்தில் படுத்தவருக்கு ஒட்டாது.

கம்மலைக் கழற்றாமல், கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவுவது வீண். தோல் டாக்டர், எந்தப் பொருள் ஆகவில்லை என்று கண்டுபிடிப்பார். நிக்கல் முதலிய பொருள்களைச் சிறு சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டுவார். 2 நாள் கழித்து எடுப்பார். மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார். படை திரண்டு வர நேரம் வேண்டுமே! அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது.