பாப்பாவுக்கு ஒரு குரோஷா போர்வை: எண்ணிப் போடுங்க, துளை விடாதீங்க

வளைகாப்பு முடிந்த கையோடு பல வீடுகளில் குரோஷா ஊசி வெளியே வந்துவிடும். சொல்லித்தரப் பாட்டி பக்கத்தில் இல்லை என்றாலும் கவலை இல்லை, கையில் போன் இருக்கிறது. அக்கா குழந்தைக்காக நானும் வீடியோ பார்த்துத்தான் ஒரு போர்வை போட்டேன். சதுரமாகத் தொடங்கியது, போகப்போக முக்கோணமாகிவிட்டது. அதைவிடப் பெரிய தவறு, அழகுக்காக நான் விட்ட துளைகள். பாப்பாவின் விரல் ஒன்றில் நுழைந்து மாட்டிக்கொண்டது. நல்லவேளை, உடனே பார்த்துவிட்டோம்.

விரலைச் சுற்றி நூல் இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். குழந்தைக்கு அழ மட்டும்தான் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. அதனால் முதல் போர்வைக்கு நெருக்கமான பின்னலே போதும்.

என்ன வாங்கணும்?

நம்ம ஊர் வெயிலுக்குப் பருத்தி நூல்தான் சரி. ரோமம் உதிரும் நூல், ஜரிகை, மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம். 30 அங்குலச் சதுரப் போர்வைக்கு நடுத்தர தடிமன் நூல் சுமார் 400 கிராம், 4 மி.மீ. ஊசி ஒன்று, நுனி மழுங்கிய தையல் ஊசி ஒன்று. நூல்கண்டுகளின் லேபிளில் லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மொத்தமாக வாங்கிடுங்க. லாட் மாறினால் நிறமும் லேசாக மாறும்.

வீடியோ பார்க்கும்போது கவனம்

ஒரே பெயர், வேறு பின்னல்! அமெரிக்க முறையில் ‘ஹாஃப் டபுள்’ என்பதை பிரிட்டிஷ் முறையில் ‘ஹாஃப் ட்ரெபிள்’ என்பார்கள். அமெரிக்க ‘சிங்கிள்’தான் பிரிட்டிஷ் ‘டபுள்’. எந்த முறை என்று முதலில் பார்த்துக்கோங்க. இந்தக் கட்டுரையில் அமெரிக்கப் பெயர்களே உள்ளன. வேகமாகத் தெரிந்தால், வீடியோவின் வேகத்தை 0.75 அல்லது 0.5 என்று குறைத்து வைக்கலாம்.

எப்படிப் போடுவது?

1. முதலில் 20 கண்ணியில் ஒரு சின்ன மாதிரி போட்டு, அளந்து பாருங்க. 20 கண்ணி 5 அங்குலம் வந்தால், 30 அங்குலத்துக்கு 120 கண்ணி தேவை.

2. 122 செயின் போடுங்க. ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் முதல் ஹாஃப் டபுள்.

3. ஹாஃப் டபுள் போட, ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுங்க. ஊசியில் 3 வளையம் இருக்கும். மறுபடி நூலை மாட்டி, மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பாக எடுங்க.

4. வரிசை முடிந்ததும் 2 செயின் போட்டுத் திருப்புங்க. இந்த 2 செயினைக் கண்ணியாக எண்ணக் கூடாது. அடுத்த வரிசையை முதல் கண்ணியிலேயே தொடங்குங்க.

5. ஒவ்வொரு வரிசையிலும் 120 இருக்கணும். 20 கண்ணிக்கு ஒரு கலர் நூல் அடையாளமாகக் கட்டினால் எண்ணுவது சுலபம். கண்ணி விட்டுப்போனதால்தான் என் போர்வை முக்கோணமானது.

6. உயரம் 30 அங்குலம் ஆனதும், நான்கு பக்கமும் சிங்கிள் பின்னலில் கரை கட்டுங்க. மூலைக்கு 3 கண்ணி.

நூல் முனைகளை இரண்டு, மூன்று அங்குலத்துக்கு முன்னும் பின்னுமாகச் செருகி மறைத்து, அடையாள நூல்களை எல்லாம் எடுத்துவிடுங்க. ஒருமுறை துவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே பாப்பாவுக்கு.

எப்படிப் பயன்படுத்துவது?

மடியில் வைத்திருக்கும்போது போர்த்தலாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்துப் படுக்க வைக்கலாம். ஆனால் ஒரு வயது வரை, குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை வேண்டாம். முகத்தை மூடிவிட்டால் தானாக விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. தூங்கும்போது குளிருக்கு, உடலோடு பொருந்தும் சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. துவைக்கும் ஒவ்வொரு முறையும் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்க.

எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால், எப்படிப் போர்த்துவது என்று மருத்துவரிடமோ உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுக்கோங்க. நம் மாநிலத்தின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். அவசரம் என்றால் 108.

இன்று மாலை அந்த 20 கண்ணி மாதிரியைப் போட்டுப் பாருங்க. மீதி 100 தானாக வரும்!