'டெம்பிள் ஆப்போசிட்'டா, 'ஆப்போசிட் த டெம்பிளா'?

2025 மே மாதம் ராமேஸ்வரம் போயிருந்தபோது, அக்கா மகளுக்கும் அவளுடைய தோழிகள் மூன்று பேருக்கும் பத்து நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நான் ஆசிரியர் இல்லை, கம்ப்யூட்டர்காரன். ஆனால் நம் பிள்ளைகள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது ஓரளவு பிடிபட்டது. யாருக்காவது உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

கையிலிருந்த புத்தகத்தில் ஒரு வரைபடம். சூப்பர் மார்க்கெட், மியூசியம், டிராஃபிக் சிக்னல். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு. நாலு பேரும் கடகடவென்று ஒப்பித்தார்கள். "சரி, கோயில்ல இருந்து உங்க வீட்டுக்கு எப்படி வரணும்? சொல்லுங்க" என்றேன். ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

முதல் சிக்கல் திசை. ராமேஸ்வரத்தில் இடது வலது என்று வழி சொல்கிறவர்கள் குறைவு. கோயிலைச் சுற்றி நாலு ரத வீதி. கீழவாசல் பக்கம் அக்னி தீர்த்தக் கடல். மேற்கே போனால் பஸ் ஸ்டாண்ட். பிள்ளைகள் மனதில் இருக்கும் வரைபடம் கிழக்கு மேற்குதான். அதையே ஆங்கிலத்தில் சொல்லலாமே! 'த சீ இஸ் ஈஸ்ட் ஆஃப் த டெம்பிள்.' இலக்கணப்படி இதில் ஒரு தப்பும் கிடையாது. இடது வலதை இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சொல் வரிசை. 'கோயிலுக்கு எதிரே' என்கிறோம். முதலில் கோயில், பிறகு உறவு. ஆங்கிலத்தில் உறவு முதலில், கோயில் பிறகு. அதனால்தான் நம்மில் பாதிப் பேர் 'டெம்பிள் ஆப்போசிட்' என்று சொல்கிறோம். தமிழில் குறி பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும். நீளமான தொடரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 'பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்கூலுக்கு எதிரே உள்ள டீக்கடை.' இதை வாலிலிருந்து தலைக்குப் படியுங்கள்: டீக்கடை, எதிரே, ஸ்கூல், பக்கத்தில், பஸ் ஸ்டாண்ட். 'த டீ ஷாப் ஆப்போசிட் த ஸ்கூல் நியர் த பஸ் ஸ்டாண்ட்.' முடிந்தது. தமிழ்த் தொடரைத் துண்டு துண்டாகச் சீட்டில் எழுதி, சீட்டுகளைத் தலைகீழாக அடுக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, நம்முடைய 'இல்'. ஊரில், தீவில், முனையில் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே உருபு. ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரியும். சுற்றி எல்லை இருந்து நாம் உள்ளே இருந்தால் 'இன்': இன் ராமேஸ்வரம். ஒரு பரப்பின் மேல் இருந்தால் 'ஆன்': ஆன் த ஐலண்ட், ஆன் த பிரிட்ஜ். வரைபடத்தில் ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்': அட் அரிச்சல்முனை. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனால் தொடங்குவதற்கு இந்த மூன்றும் போதும்.

நான்காவது, காலம். இதற்குப் பாம்பனைவிட நல்ல பாடம் கிடையாது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் அப்போது நின்றுகொண்டிருந்தது, ஆனால் 2022 டிசம்பருக்குப் பிறகு அதில் ரயில் ஓடவில்லை. 1988இல் திறந்த சாலைப் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் வந்துவிட்டது. ஆக, அப்போது மூன்று பாலத்துக்கும் 'தேர் இஸ்' சொல்ல முடிந்தது. பழைய பாலத்தின் ரயிலுக்கு மட்டும் 'யூஸ்ட் டு' வேண்டியிருந்தது. இன்னொன்று, பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட்டபோது இரண்டு கைபோல் விரிந்தது, அதற்கு 'ஓப்பன்'. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் வரை மேலே ஏறும், அதற்கு 'லிஃப்ட்'. தினமும் பார்த்த பொருள் என்பதால் வினைச்சொல் மறக்கவே இல்லை.

கடைசி நாள் தனுஷ்கோடி. "டூரிஸ்ட் வந்து அங்க என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன். அக்கா மகளின் தோழி, ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள், உடனே சொன்னாள்: 'தேர் இஸ் நத்திங்.' அவளுடைய பாட்டி பிறந்த ஊர் அது. சுற்றுலாக்காரர்களும் அப்படித்தான் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். "சரி, இப்ப 'வாஸ்' போட்டுச் சொல்லு பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் காலை, நான் கிளம்பும் முன், பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். தேர் வாஸ் எ ரயில்வே ஸ்டேஷன். தேர் வாஸ் எ போஸ்ட் ஆபீஸ். தேர் வாஸ் எ சர்ச். பீப்பிள் யூஸ்ட் டு டேக் எ ஷிப் டு தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் வரைக்கும் பதினொரு வாக்கியம், ஒரு தப்பும் இல்லை.

பிறகு கேட்டாள்: "மாமா, பாட்டி வீடு இருந்த இடம் இப்ப கடலுக்குள்ள போயிருச்சு. அதுக்கு இன்-ஆ, ஆன்-ஆ, அட்-ஆ?"

மூன்றும் இல்லை, 'அண்டர்' என்றேன். பன்னிரண்டாவது வாக்கியமாக அதையும் எழுதிக்கொண்டாள்.

புத்தகத்தின் வரைபடத்தை மூடிவிட்டு, உங்கள் ஊரில் இருப்பதையும் இருந்ததையும் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.