தொழிற்சாலையில் கற்ற ஆறு சொற்கள்

டிப்ளோமாவின் கடைசித் தவணையில் தொழிற்பயிற்சிக்காகப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனேன். 'லீன்' உற்பத்திமுறைப் பாடத்தில் நல்ல புள்ளிகள் வாங்கியவன் நான். ஆனால், அதன் சொற்கள் எனக்கு உண்மையில் விளங்கியது, இரண்டாவது வாரத்தில் நான் செய்த ஒரு தவற்றால்தான்.

1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் உருவானது. அதே ஆண்டு இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே அமைத்தது. இன்று பினாங்கில் தொழிற்சாலை வேலை தேடும் எவரும் நேர்முகத் தேர்வில் இந்தச் சொற்களைச் சந்திக்கக்கூடும். இவை ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ வளர்த்த முறையிலிருந்து வந்தவை. 'லீன்' என்ற பெயரை 1988-இல் ஒரு கட்டுரையில் சூட்டியவர் ஜான் கிராஃப்சிக்.

முதல் சொல் 'மூடா', அதாவது விரயம். ஓனோ ஏழு விரயங்களைப் பட்டியலிட்டார்: தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருப்பு, பொருளை வீணாக இடம் மாற்றுதல், வேண்டாத வேலைப்பாடு, அதிக இருப்பு, வீண் உடலசைவு, குறைபாடுள்ள பொருள்.

இரண்டாவது 'கன்பான்'. அடுத்த கட்டம் கேட்ட பிறகே முந்தைய கட்டம் பொருளைச் செய்ய வேண்டும். அதைத் தெரிவிக்கும் அட்டைதான் கன்பான். லிட்டில் இந்தியா கடைகளை நினைத்துப் பாருங்கள். நாம் கேட்ட பிறகே தோசை ஊற்றுகிறார்கள்; அது மிஞ்சுவதில்லை. காலையிலேயே சுட்டுக் குவித்த வடை மாலையில் மிஞ்சிவிடும்.

மூன்றாவது 'ஜிடோகா'. டொயோட்டா குடும்பத்தின் சாக்கிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். கோளாறு தெரிந்ததும் நிறுத்துவதே ஜிடோகா. கோளாறை எல்லாருக்கும் அறிவிக்கும் விளக்கு 'ஆண்டோன்'. இது நான்காவது.

நான் தவறியது இங்கேதான். ஒரு மின்சுற்றுப் பலகையில் மின்தேக்கி திசை மாறிப் பொருத்தப்பட்டிருந்ததைப் பார்த்தேன். ஆண்டோன் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 'பயிற்சிக்கு வந்தவனால் வேலை நின்றது என்பார்களோ' என்று பயந்து பேசாமல் இருந்தேன். மதியச் சோதனையில் ஒரு தள்ளுவண்டி நிறையப் பலகைகள் அதே குறையோடு சிக்கின.

பல ஆண்டுகள் அங்கே வேலை செய்த ஓர் அக்கா என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீ அப்பவே அமுக்கியிருந்தா ஒரு பலகையோட போயிருக்கும்," என்றார். எண்ணிப் பார்த்தேன். குறைபாடு, காத்திருப்பு, பலகைகளைத் திரும்பச் சுமப்பது, பிரித்துப் பூட்டும் வேலை: என் மௌனம் ஒரே நாளில் நான்கு விரயங்களை உண்டாக்கியிருந்தது.

ஐந்தாவது 'போகா-யோகே'. தவறு செய்யவே முடியாதபடி அமைப்பது. சிம் அட்டையின் ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பது அதற்காகத்தான். ஆறாவது 'கைசன்', சிறுசிறு மேம்பாடு. சரியான திசையைக் காட்டும் படத்தை ஒவ்வொரு மேசையிலும் கண்ணெதிரே ஒட்டலாம் என்று அந்த அக்கா யோசனை சொன்னார். அடுத்த வாரமே ஒட்டினோம்.

தொழிற்பயிற்சிக்குப் போகும் நண்பர்களே, இந்த ஆறு சொற்களையும் மனப்பாடம் செய்வது எளிது. தவறு கண்ணில் பட்டதும், புதியவராக இருந்தாலும், அந்தப் பொத்தானை அமுக்குங்கள். அது உங்களுக்காகவும் வைக்கப்பட்டதுதான்.